நாலு மணிக்கு எடுக்குறாங்க

— அப்போ வரமாட்டீங்களா? நாலு மணிக்கு எடுக்குறாங்க. ஐயம்பேட்டை இன்னா பத்து ஊரு தாண்டியா இருக்குது?

— நீ போய்ட்டு வா தர்ஷினி. எனக்குத் தலைவலின்னு சொல்லிடு.

— உங்க லைன்ல நாலு வருஷம் வேலை செஞ்சவருங்க ஜோசுவா. கம்பெனி பஸ்ல உங்க பக்கத்து சீட்டு. நம்ம ஸ்ரேயா பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்கு மொத ஆளா வந்து நின்னவரு. லைன் லீடர் நிர்மல் எங்கன்னு கேட்டா இன்னா சொல்றது?

— அவன் மூஞ்சிய என்னால பாக்க முடியாதுமா.

— ஊசி போட்டுக்கினு செத்தாருன்னா? ஊரே அதத்தான் பேசிக்கினு இருக்குது. கொழுப்பெடுத்துப் போட்டுக்கினாராம்.

— கொழுப்பா? பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கினே வேலை. உக்கார ஒரு ஸ்டூல் கெடையாது. கான்ட்ராக்ட் ஆளு ரெண்டு நாள் லீவு போட்டா அவன் எடத்துல வேற ஆளு. டிப்ளமா படிச்சவன், கால் வீங்கிப்போயி பாத்ரூம்ல நின்னு அழுவான்.

— அதுக்கு ஊசியா போடுவாங்க?

— மொதல்ல ஊசி இல்ல. வலி மாத்திரைதான். போட்டா காலு இருக்கறதே தெரியாது. அப்புறம் ஒண்ணு பத்தல, மூணு பத்தல. அதுவும் கேக்கலன்னதும்தான் ஊசிக்குப் போனான். நடுங்கிக்கினு வருவான். நான் பாத்தும் பாக்காத மாதிரி போயிடுவேன்.

— மேல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?

— இன்னான்னு சொல்றது? அந்த மாத்திரைய மொதமொத அவன் கையில வெச்சதே நான்தான்.

— இன்னாங்க சொல்றீங்க?

— அன்னிக்கு டார்கெட் முடியல. இவன் வலி தாங்காம கீழ உக்காந்துட்டான். மெடிக்கல்ல தெரிஞ்சவன் குடுத்த அட்டை என் பாக்கெட்ல இருந்துச்சு. ‘அண்ணே, ஒண்ணும் ஆவாதே?’ன்னான். ‘போடுடா, எல்லாரும் போடறதுதான்’னேன். அந்த மாசம் எங்க லைனுக்கு ஷீல்டு குடுத்தாங்க. டிவி மேல வெச்சிக்கிறியே, அதான்.

— பூச்சி விழுந்து சாவும்னு, பொழுது சாஞ்சா சோறு தொடாத ஜைன வீடுங்க இது.

— தெரியும். அதான் வரலன்றேன்.

— இல்ல. நீங்க வந்துதான் ஆவணும். காலைல போனப்போ ஜோசுவா பொண்டாட்டி என் கையப் புடிச்சிக்கிச்சு. திங்கக்கெழமைலருந்து அவரு எடத்துல அதுதான் வேலைக்கு வருதாம். அது சொன்னது எனக்கு அப்போ ஒண்ணும் புரியல. ‘நிர்மல் அண்ணன் அவருக்குக் கால்வலி மாத்திரை குடுப்பாராமே, எனக்கும் ஒரு அட்டை தரச் சொல்லுக்கா’ன்னுச்சு.