நரம்பு இளைப்பாறும் நேரம்

சிவகாசியில் பிசியோதெரபி கிளினிக் வைத்தவனுக்கு ஆள் வரவில்லையே என்ற கவலை இருக்காது, சார். தாள் அறுத்து மணிக்கட்டு போனவர்கள், குனிந்தே வேலை பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டவர்கள், வெடி விபத்தில் வெந்தவர்கள். என் அய்யா செல்லச்சாமியும் அப்படி வந்தவர்தான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்து வலது கை முழங்கைவரை வெந்துபோனது. தோல் ஆறிவிட்டது. உணர்வு மட்டும் திரும்பவில்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாது.

அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அம்மாவும் அந்தக் கையால்தான் அடி வாங்கினோம். பெல்ட், விறகு, சில நாள் வெறும் கை. மூச்சுவிடாமல் அடிப்பார். கொஞ்ச நேரத்தில் எனக்கு உடம்பு மரத்துவிடும். அவர் அடித்துக்கொண்டிருப்பார், நான் ஓட்டில் ஊரும் பல்லியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கல்லூரியில் ஒரு பாடம் நடத்தினார்கள். ஒரு தூண்டலுக்குப் பதில் சொன்ன நரம்பு, உடனே இன்னொன்றுக்குப் பதில் சொல்லாது. கண் இமைப்பதைவிடச் சிறிய இடைவெளிதான். அது முடியும்வரை எவ்வளவு பலமாகத் தூண்டினாலும் வீண். தசையும் அப்படித்தான். சின்ன வயதில் எனக்கு மரத்துப்போனது வேறு விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று புரிந்தது. அய்யாவுக்கு அடிக்கத் தெரியவில்லை.

அம்மாதான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“ஏலே முனியா, பெத்த அப்பன்லே. பழசையெல்லாம் மனசுல வச்சுக்காத. கையைச் சரி பண்ணிக் குடு.”

சரி பண்ணினேன். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தினமும் மெஷினை மாட்டி லேசாக மின்சாரம் கொடுப்பேன், விடுவேன், தசை தளர்ந்ததும் மறுபடி கொடுப்பேன். மற்றவர்களுக்குச் செய்ததைவிட அவருக்குப் பொறுமையாகவே செய்தேன். பெற்ற பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கிளினிக்குக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். வைகாசி மாதம் ஒரு நாள் விரலை அமுக்கியபோது கையை வெடுக்கென்று இழுத்தார்.

“ஏலே, வலிக்குதுலே! சுருக்குன்னு வலிக்குது!”

அழுதார். அம்மாவும் அழுதாள். எனக்கும் கண்ணீர் வந்தது. மரத்த கையை உடைத்து யாருக்கு என்ன பயன், சார்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குக்கு விடுமுறை. அவரை மட்டும் வரச் சொன்னேன். மேசையில் படுக்கவைத்து வழக்கம்போலக் கை அசையாமல் வாரைப் போட்டுக் கட்டினேன். தீபாவளி சீசனுக்குள் வேலைக்குப் போய்விடலாம் என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். இரும்பு டம்பெல்லை எடுத்துச் சுண்டுவிரலில் இறக்கினேன்.

கத்தினார். நான் காத்திருந்தேன். முகத்தைத் துடைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.

“என்னத்துக்குலே இப்படிப் பண்ணுத?”

“உணர்வு முழுசா வந்துருச்சான்னு பாக்கேன், அய்யா.”

மூச்சு சீரானதும் அடுத்த விரல். ஒன்றின் வலி இன்னொன்றில் கலந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். மணிக்கட்டுக்கு வந்தபோது, “கொன்னு போட்டுருலே” என்றார். அவசரப்படவில்லை. முழங்கை இன்னும் பாக்கி இருந்தது.

அப்போதுதான் அம்மா சோற்றுத் தூக்கோடு பின்வாசல் வழியாக வந்தாள். பார்த்ததும் தூக்கைப் போட்டுவிட்டு அவர் மேல் விழுந்தாள்.

“விட்டுருலே, ஒன் கால்ல விழுதேன். செத்துருவாருலே.”

உனக்கும் சேர்த்துத்தான் செய்கிறேன் என்று எடுத்துச் சொன்னேன். கேட்கவில்லை. காதுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தாள். நிதானம் போய்விட்டது. அவளைத் தள்ளிவிட்டு அய்யாவின் தலையில் அடித்தேன். இரண்டாவது அடியிலேயே அசைவு நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அடித்தேன். இடைவெளி விட்டதாக நினைவில்லை.

அய்யாவைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவரைப் போல நான் கோபத்தில் கை நீட்டுகிறவன் இல்லை.

அம்மாவின் உதடு எப்படிக் கிழிந்தது என்று கேட்டீர்கள். அதுவும் என் கைதான். சொன்னால் கேட்க வேண்டாமா, சார்? வாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தால் நான் ஏன் அவளை அடிக்கப் போகிறேன்?