சொளகில் கலந்த மாத்திரை

மேடையில் அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் துணைவர் சாம்பசிவம் ஐயா அவர்களே, அம்மாவுக்குப் பிறகு எங்கள் ஆராய்ச்சியைக் கையில் எடுத்திருக்கும் டாக்டர் அஸ்வத் அவர்களே, நர்சு அம்மாமார்களே, அலங்காநல்லூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்து, மண்டபத்துக்குள் நுழைந்ததும் இதயக் கோளாறு எதுவுமே இல்லாதவர்கள் மாதிரி ஓடிப்போய் ஃபேனுக்கு அடியில் இடம் பிடித்த என் சொந்தபந்தங்களே, அத்தனை பேருக்கும் வணக்கம்.

நான் அழகுபாண்டி. ஆட்டு வியாபாரி. படிப்பு அஞ்சாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வாசலில் முட்டி போட்டிருந்தேன். எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் எங்கள் இதயநோய் மருத்துவர் ஸ்யாமளா அம்மா அவர்களின் பட்டங்களை வரிசையாகச் சொன்னார்கள். நானும் பெரிய மனுசன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். இவனை எதற்கு மைக் முன்னால் விட்டார்கள் என்று சில பேர் யோசிப்பது இங்கிருந்தே தெரிகிறது. விடச் சொன்னது அம்மாதான். "எல்லாரும் அழ வச்சிருவாங்க அழகுபாண்டி, நீங்க ஒருத்தராவது சிரிக்க வைங்க" என்று உயிரோடு இருக்கும்போதே உத்தரவு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த அம்மா உத்தரவை மீறினால் என்ன நடக்கும் என்று தெரியாதவர்கள் இந்த மண்டபத்தில் யாராவது உண்டா?

அம்மாவை நான் முதலில் பார்த்த கதையைச் சொல்கிறேன். சந்தையில் ஒரு கிடாய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தேன். விலையைக் குறைக்கத்தான் நடிக்கிறேன் என்று விற்க வந்தவன் நினைத்துவிட்டான். நான் தரையில் கிடக்கிறேன், அவன் பத்து ரூபாய்கூட இறங்கவில்லை. பக்கத்துக் கடைக்காரன் வண்டியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். கண் விழித்தால் உடம்பெல்லாம் ஒயர், தலைமாட்டில் ஏதோ விடாமல் அடிக்கிறது. யாரம்மா அது, போனை எடுங்க என்றேன். ஒரு சின்ன உருவம், மூக்குக் கண்ணாடி, நெற்றியில் விபூதி. குனிந்து, "அது போன் இல்ல, உங்க இதயம். அடிக்கிற வரைக்கும் நல்லதுன்னு நினைச்சுக்கங்க" என்றது. அதுதான் ஸ்யாமளா அம்மா.

பிழைத்து வீட்டுக்குப் போனவன் நன்றி சொல்ல வேண்டாமா? அடுத்த முறை வரும்போது வீட்டில் செய்ததிலேயே நல்லதைக் கொண்டுவந்தேன். உப்புக்கண்டம். சுத்த சைவம், அதிலும் இதய டாக்டர், அந்த அம்மா மேசை மேல் உப்புப் போட்டுக் காய வைத்த ஆட்டுக்கறி. பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது எனக்கா, இல்ல நீங்க தின்னுட்டு மிச்சமா?" என்றார். உங்களுக்குத்தான்மா, நான் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தேன். "சரி, நானும் தொட மாட்டேன், நீங்களும் தொட மாட்டீங்க. ரெண்டு பேரும் பொழச்சோம்" என்றார். அன்றையிலிருந்து எனக்கும் அந்த அம்மாவுக்கும் சண்டையும் கேலியுமாகவே போயிற்று. பேச்சில் ஒரு நாளும் நான் ஜெயித்ததில்லை. ஐயா, மேடையில் சிரிக்கிறீர்கள், உங்களுக்கும் அதே கதிதான் என்று தெரியும்.

அப்படியிருக்கும்போதுதான் ஆராய்ச்சி வந்தது. ஒரு தடவை மாரடைப்பு வந்து பிழைத்தவர்களை எல்லாம் கூட்டி உட்கார வைத்து அம்மா சொன்னார்: மறுபடி வராமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரைகளை எல்லோருக்கும் எப்போதும் போலக் கொடுப்போம், அதில் கை வைக்க மாட்டோம். அதற்கு மேல் புதிதாக ஒரு மாத்திரை இருக்கிறது. அதனால் இன்னும் கொஞ்சம் நன்மை உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் பாதிப் பேருக்கு அந்த மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, முடிகிற நாளில்தான் பிரித்துப் பார்ப்போம்.

எல்லோரும் முழித்தோம். டாக்டருக்கே தெரியாதா? அப்போது அம்மா சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "தெரிஞ்ச வைத்தியத்தை நான் குடுத்துக்கிட்டுத்தான் இருப்பேன். தெரியாததைக் கண்டுபிடிக்க உங்ககிட்ட உதவி கேக்குறேன். வேண்டாம்னா இன்னிக்குச் சொல்லலாம், பாதியிலயும் சொல்லலாம், கடைசி நாள்லயும் சொல்லலாம். ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டோம்." ஆயுசில் எங்களிடம் ஒரு படித்தவர் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. ஆளுக்கொரு வெள்ளை டப்பா வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனோம். ஊரில் எங்களுக்கு டப்பாக்காரர்கள் என்றே பெயர் விழுந்துவிட்டது.

டப்பாக்காரர்கள் சும்மா இருந்தோமா? மூன்றாவது வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒளிகிற சின்னக்கருப்பனைக் கேளுங்கள். நெஞ்சுக்குப் பலம் கொடுக்கிற மாத்திரை என்று தானாக முடிவு செய்து, ஜல்லிக்கட்டுக்குப் போகும் காலையில் தன் காளைக்கு ஊட்டிவிட்டான். வாடிவாசலைத் தாண்டியதும் ஒரு பொடிப்பயல் திமிலைப் பிடித்துத் தொங்கிவிட்டான். காளை பிடிமாடு ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்து மாத்திரையில் பலமே இல்லை என்று புகார் வேறு. அம்மா அவனைத் திட்டவில்லை. முதலில், மாடு நல்லா இருக்கா என்று கேட்டார். அடுத்து, இனிமேல் மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது, மாடு சம்மதம் சொல்லவில்லை என்றார்.

இதெல்லாம் சில்லறை. பெரிய வேலை செய்தது என் தங்கச்சி செல்லத்தாய். கூடப் பிறக்காத தங்கச்சி. அதன் புருசன் பேயாண்டி மாப்ள மாரடைப்பு வந்து பிழைத்தவர். அதன் கூடப் பிறந்த அண்ணன் வெள்ளைத்துரையும் மாரடைப்பு வந்து பிழைத்தவர். இரண்டு பேரும் அடுத்தடுத்த வீடு, ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள், இரண்டு பேரும் டப்பாக்காரர்கள். இரண்டு பேருக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது செல்லத்தாய்.

அது என்ன செய்தது தெரியுமா? இரண்டு டப்பாவையும் சொளகில் கொட்டி, அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சுழற்றுச் சுழற்றி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பங்காக அள்ளித் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டது. சாமிக்குக் கிடாய் வெட்டினால் கறியைக் கூறு போடுகிறோமே, ஈரலும் எலும்பும் எல்லாக் கூறிலும் விழ வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் போடுகிறோமே, அந்த மாதிரி. ஒவ்வொரு தடவை புது டப்பா வாங்கும்போதும் இதேதான். ஆம்பளைகள் இரண்டு பேருக்கும் தெரியாது. ஒரு நாள் பரிசோதனைக்கு வந்த இடத்தில், மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று அம்மா கேட்க, செல்லத்தாய் பெருமையாக எடுத்துச் சொன்னது. ஏம்மா இப்படிச் செஞ்சே என்று கேட்டார் அம்மா.

"நான் என்னம்மா செய்வேன்" என்றது செல்லத்தாய். "வெறும் மாத்திரை எங்கண்ணனுக்குப் போனா பொறந்த வீட்டுக்குத் துரோகம். இவருக்குப் போனா என் கழுத்துக்குத் துரோகம். அதான் கூறு போட்டுட்டேன்."

அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "ஈரலைக் கூறு போடலாம் செல்லத்தாய். இதைக் கூறு போட்டா அவங்க ரெண்டு பேருக்கும் அரைகுறை, எனக்குப் பட்டினி" என்றார். ஈரலை நாக்கில் வைத்தே பார்த்திராத அம்மா சொன்ன வார்த்தை இது.

ஆனால் வெளியே சிரித்தாலும் அம்மாவுக்கு அது சின்ன விசயம் இல்லை. வருசக்கணக்கான உழைப்பில் ஒரு கை தவிட்டை அள்ளிப் போட்டது மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் அஸ்வத் தம்பி, கோபிக்காதீர்கள், நீங்களே என்னிடம் சொல்லிச் சிரித்ததுதான். இந்த இரண்டு பேரையும் சத்தம் இல்லாமல் எடுத்துவிடலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அதற்கு அம்மா என்ன பதில் சொன்னார்? "கலந்தது கலந்ததுதான் அஸ்வத். யாருக்கு எந்த டப்பான்னு விழுந்துச்சோ அந்தப் பக்கத்துலயே வை. கலந்துபோச்சுன்னும் சேர்த்து எழுது. ஜனங்க வீட்டுல மாத்திரை சாப்பிடுறது இப்படித்தான். அதையும் சேர்த்து வர்ற விடைதான் விடை." நான் எத்தனையோ சந்தை பார்த்தவன். குறையுள்ள ஆட்டை விற்கிறவன் குறையை எந்தப் பக்கம் மறைப்பான் என்று எனக்குத் தெரியும். தன் சரக்கில் இன்ன இடத்தில் குறை இருக்கிறது என்று தானே கூவிச் சொன்ன ஒரே ஆள் எங்கள் ஸ்யாமளா அம்மா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவே ஊருக்கு வந்துவிட்டார். செல்லத்தாய் மோர் கொடுத்தது. அம்மா பக்கத்தில் இருக்கிற பயத்தில் உப்பே போடவில்லை, அந்த மோரை அம்மாவைத் தவிர வேறு யாராலும் குடிக்க முடியவில்லை. பேயாண்டி மாப்ளயையும் வெள்ளைத்துரை அண்ணனையும் முன்னால் உட்கார வைத்து, உங்களில் ஒருத்தருக்கு வெறும் மாத்திரையாக இருக்கலாம், கலக்காமல் சாப்பிடச் சம்மதமா, இல்லை விலகிக்கொள்கிறீர்களா என்று அவர்களையே கேட்டார். வெள்ளைத்துரை அண்ணன், வெறும் மாத்திரை எனக்கே வரட்டும், தங்கச்சி புருசன் நல்லா இருந்தாப் போதும் என்றார். மாப்ள விடுவாரா? அதெப்படி, வெறும் மாத்திரை எனக்குத்தான் என்று எழுந்துவிட்டார். வரப்புத் தகராறில்கூட அம்புட்டுச் சத்தம் போட்டதில்லை. கடைசியில் செல்லத்தாய் ஒரு டப்பாவில் சிவப்புக் கயிறும் ஒரு டப்பாவில் மஞ்சள் கயிறும் கட்டியது. அதற்குப் பிறகு சொளகில் அரிசி மட்டும்தான் விழுகிறது.

அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது உங்களுக்கெல்லாம் தெரியும். ஊர் இதயத்தை எல்லாம் காவல் காத்தவரை இதயம் ஒன்றும் செய்யவில்லை, புற்றுநோய் வந்து கூட்டிப் போய்விட்டது. போன மாதம் பசுமலை வீட்டுக்குப் பார்க்கப் போனேன். நாற்காலியில் ஒரு போர்வைக்குள் இருந்தார். என் ஆடுகளை விசாரித்தார், உப்பை விசாரித்தார். எனக்குத் தாங்கவில்லை. அம்மா, விடை தெரியாமலே போகாதீங்க, உங்களுக்கு இல்லாத உரிமையா, அந்த ரகசியத்தை மட்டும் பிரிச்சுப் பாத்துருங்க என்றேன்.

"நான் இப்பப் பிரிச்சுப் பாத்தா, செல்லத்தாய் கலக்குனதைவிடப் பெரிய கலப்படம் ஆயிரும் அழகுபாண்டி" என்றார்.

சரிம்மா, நான் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கடைசிப் பரிசோதனைக்கு அம்புட்டுப் பேரையும் கயிறு கட்டி ஓட்டிக்கொண்டு வந்து சேர்க்கிறேன் என்றேன். அதற்குத்தான் அந்த மெலிந்த கையைத் தூக்கி என்னைத் தடுத்தார். "கயிறு வேண்டாம். அவங்க ஆடு இல்ல. கேளுங்க. முடியாதுன்னு சொன்னா விட்டுருங்க."

சொந்தபந்தங்களே, இப்போது விசயத்துக்கு வருகிறேன். மாத்திரை கொடுத்த அம்மாவே போய்விட்டார், இனி எதற்கு ஆஸ்பத்திரி என்று ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. ஒருத்தர் டப்பாவை எருக்குழியில் போட்டுவிட்டார் என்றும் கேள்வி. பெயர் சொல்ல மாட்டேன், அவரே இப்போது வேட்டியைச் சரி செய்கிறார். டாக்டர் அஸ்வத் என்னிடம் தெளிவாகச் சொன்னார்: பொங்கலும் ஜல்லிக்கட்டும் முடிந்த மறுவாரம் கடைசிப் பரிசோதனை. வராதவர்கள் அதிகமானால் வருகிற விடையை நம்ப முடியாது. இத்தனை வருசமும் வீண். அந்த மாத்திரை நல்லதா, வெட்டிச் செலவா என்று உலகத்துக்குத் தெரியாமலே போகும். நாளைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சந்தையில் சாய்கிறவனுக்கு எதைக் கொடுப்பது என்று அப்போதும் யாருக்கும் தெரியாது. அம்மா தன் கடைசி நாளிலும் பிரித்துப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனது, எப்போதும் பிரிக்க முடியாமல் போவதற்கா?

உங்கள் ஒவ்வொருவர் வீடும் எனக்குத் தெரியும். எந்த வீட்டில் எத்தனை குட்டி என்றுகூடத் தெரியும். அந்த வாரம் வீட்டுக்கு வீடு வருவேன். ஆட்டுக்கு விலை பேச மாட்டேன், கையில் கயிறும் இருக்காது. வண்டி வாசலில் நிற்கும், அவ்வளவுதான். பரிசோதனை முடிந்து ரகசியம் பிரிக்கிற நாளில், அம்மாவின் படத்துக்கு முன்னால் விடையைச் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று சாம்பசிவம் ஐயாவிடம் இப்போதே கேட்டுக்கொள்கிறேன். மாத்திரை வேலை செய்ததென்றாலும் படியுங்கள், செய்யவில்லை என்றாலும் அதே சத்தத்தில் படியுங்கள். அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். பொய்தான் பிடிக்காது.

ஆகவே, டப்பாக்காரர்களே, அம்மா சொன்னபடி கேட்கிறேன். கடைசிப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள். வர முடியாதவர்கள் சும்மா இருக்கலாம், ஏன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டோம்.

அந்தா, செல்லத்தாய் இரண்டு பக்கமும் இரண்டு கையைப் பிடித்துத் தூக்குகிறது. விடு தங்கச்சி. அண்ணன் கையையும் விடு, மாப்ள கையையும் விடு. அவுக அவுகளாத் தூக்கணும், அதுதான் விதி.

ம். தூக்கிட்டாக.