குமிழி விடாதவர்கள்

எனக்குக் குமிழி பிடிக்காது, ஐயா. சோடா வாங்கினால்கூட மூடியைத் திறந்து வைத்துவிட்டு, எல்லாம் அடங்கிய பிறகுதான் குடிப்பேன். கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

தண்ணீருக்குள் முங்கிப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. சாதாரண சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போய், இழுத்த மூச்சையெல்லாம் கொப்புளம் கொப்புளமாக மேலே விடுகிறவர்கள் ஒரு வகை. விட்ட மூச்சையே திரும்ப எடுத்துக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. இவர்கள் கட்டிக்கொள்ளும் கருவிக்கு ரீபிரீதர் என்று பெயர். வெளியே விடும் மூச்சு ஒரு டப்பாவுக்குள் போகும். அதிலிருக்கும் வெள்ளைத் துகள்கள் கெட்ட காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொஞ்சம் ஆக்சிஜன் சேர்ந்து மிச்சம் நமக்கே திரும்பி வரும். ஒரு குமிழிகூட வெளியே தெரியாது. இந்த மாவட்டத்தில் அந்தக் கருவி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். ஏட்டையா ‘காளிராஜ், ஆஃப்செட் அச்சகம், சிவகாசி’ என்று எழுதும்போது பக்கத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மாவட்டத்தில் கடலே இல்லையே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. உண்மைதான். அச்சு மெஷின் பார்க்க சிங்கப்பூர் போன இடத்தில் இதைப் பார்த்தேன். மெஷினை விட்டுவிட்டு இதோடு திரும்பினேன்.

நாங்கள் கொஞ்சம் தனி ரகம். ஒப்புக்கொள்கிறேன். யாரிடம் இந்தக் கருவி இருக்கிறது என்று நீங்கள் விசாரிக்கவே வேண்டாம், பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிஷத்தில் அவரே சொல்லிவிடுவார். நான் ஒரு துஷ்டி வீட்டில் ஆக்சிஜன் அழுத்தத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். பாடை கட்டினவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எங்களுக்குள் கருவிப் பெட்டியின் நிறத்தை வைத்து மஞ்சள் பெட்டிக்காரர், கறுப்புப் பெட்டிக்காரர் என்று பிரிவும் உண்டு. நான் கறுப்பு. மஞ்சள் பெட்டிக்காரர்களைப் பற்றிக் குறை சொல்லமாட்டேன். விவரம் தெரிந்தவர்கள் அதை வாங்கமாட்டார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கையில் ஆக்சிஜன் அளவு பார்க்க ஒரு மானி, அது கெட்டால் பார்க்க இன்னொன்று, இரண்டும் முரண்பட்டால் தீர்ப்புச் சொல்ல மூன்றாவது. முகமூடிக்குள் தண்ணீர் கசியக் கூடாது என்று இருபத்தைந்து வருஷத்து மீசையை எடுத்தேன். என் மனைவி சொர்ணலட்சுமி நாலு நாள் பேசவில்லை. அச்சகத்து ஆட்கள் ‘யாருக்கு என்ன ஆச்சு மொதலாளி’ என்று துக்கம் கேட்க வந்துவிட்டார்கள்.

கருவியைக் கோத்து மாட்ட ஒன்றரை மணி நேரம் ஆகும். தண்ணீரில் இருப்பது இருபது நிமிஷம். மாட்டுவதற்கென்று நாற்பத்திரண்டு வரிப் பட்டியல் ஒன்றை என் அச்சகத்திலேயே நான்கு வண்ணத்தில் அடித்து, லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரியாகப் படித்து டிக் போட வேண்டும். தலைப்பில் சிவப்பு எழுத்து: ‘இடையில் யாராவது பேசினால் முதல் வரியிலிருந்து தொடங்கவும்.’ பட்டாசுக் கம்பெனியில் ஒருவன் மருந்து எடை போடும்போது யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள் அல்லவா? அங்கிருந்து எடுத்ததுதான்.

மணிகண்டராஜ் என் தங்கை ஆர்த்தியின் வீட்டுக்காரர். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி. நல்ல மனிதர். தூத்துக்குடியிலிருந்து வாடகைக்கு எடுத்த பழைய சிலிண்டர், பச்சை நிறத்தில் கால்துடுப்பு. நான் பெட்டியைத் திறப்பதற்குள் அவர் தண்ணீரில் இருப்பார்.

மார்ச் மாதம், இரண்டாவது ஞாயிறு. எங்களுக்குக் காலண்டர் சீசன் முடிந்த சமயம். விஸ்வநத்தம் தாண்டி ஒரு கைவிட்ட கல்குவாரி, ஐப்பசி மழையில் நிரம்பிக் கிடந்தது. அதன் அடியில் ஒரு பழைய மோட்டார் மூழ்கிக் கிடப்பதாகச் சொன்னார்கள்.

“மச்சான், நீங்க படிச்சு முடிங்க. நான் மோட்டாரைப் பாத்துட்டு வந்துருதேன். சாப்பாட்டு நேரத்துக்குள்ளயாவது நனைஞ்சிருவீகளா?” என்று கேட்டுவிட்டு மாப்பிள்ளை இறங்கினார்.

அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைக் கரையில் பிடித்துக்கொண்டு நின்றவர் குவாரிக் காவல்காரர் பெத்தணன். கிணற்றில் விழுந்த வாளி, குடம் எடுத்துக் கொடுப்பவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குவதைத் தவிர எந்தப் பயிற்சியும் இல்லாதவர்.

கால் மணி நேரம் கழித்துக் கயிறு மூன்று முறை வெட்டி இழுத்தது. பெத்தணன் பதிலுக்கு இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

“மொதலாளி, மாப்பிள்ளை மாட்டிக்கிட்டாக போல.”

நான் பதினாறாவது வரியில் இருந்தேன். அவர் பேசிவிட்டார். முதல் வரிக்குப் போனேன்.

அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப முங்கி எழுந்தார். கடைசியில் கரையேறி என் பக்கத்தில் வந்து நின்றார். பட்டியல் மேல் தண்ணீர் சொட்டியது. லேமினேஷன் போட்டது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

“மோட்டார்ல கெடந்த நைலான் கயிறு கால்ல சுத்திக்கிடக்கு மொதலாளி. கையால அவுக்க முடியல. ஒங்க இடுப்புக் கத்தியைக் குடுங்க, ஒரே முங்குல அறுத்துருதேன்.”

அப்போது நான் இருபத்திரண்டாவது வரியில் இருந்தேன். “பயிற்சி இல்லாம யாரும் கத்தியோட எறங்கக் கூடாது பெத்தணன். நான் வந்துக்கிட்டுத்தான் இருக்கேன். பேசாம இரும்” என்றேன்.

“எங்கன வந்துக்கிட்டு இருக்கீக? படிச்சிக்கிட்டுல்ல இருக்கீக.”

மறுபடி ஒன்று.

 பெத்தணன் அரிவாள் எடுத்துவரத் தன் குடிசைக்கு ஓடினார். குடிசை அரை மைல் தள்ளி.

அதற்குப் பிறகு யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. நிதானமாகப் படிக்க முடிந்தது. குமிழிகள் கொத்துக் கொத்தாக வந்துகொண்டிருந்தன. இருபதாவது வரியில் இன்னும் நெருக்கமாக வந்தன. பயந்தவன் வேகமாக மூச்சு விடுவான், சிலிண்டர் சீக்கிரம் தீரும். பயிற்சியில் முதல் நாளே சொல்லித் தருவார்கள். முப்பதில் ஒன்றிரண்டு. முப்பத்தொன்றில் நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. முப்பத்திரண்டுக்குப் போனேன்.

பெத்தணன் அரிவாளோடு வந்தவர், என்னிடம் எதுவும் கேட்காமல் குதித்தார். அறுத்து மேலே கொண்டுவந்தார். மாப்பிள்ளையைப் பாறை மேல் கிடத்தி நெஞ்சை அமுக்கினார், வாயோடு வாய் வைத்து ஊதினார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அவர் ஒன்றும் பேசாததால் நாற்பத்திரண்டையும் என்னால் முடிக்க முடிந்தது.

கருவியை நிபுணரிடம் அனுப்பப்போவதாகச் சொன்னீர்கள். அவர் திறந்து பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை. ஒன்பதாவது வரி: ‘துகள் நிரப்பியாயிற்றா?’ நிரப்பவில்லை. டப்பா காலி. துகள் டின் வீட்டில் பீரோ மேல் இருக்கிறது. குவாரியில் காரை நிறுத்தியபோதே அது ஞாபகம் வந்துவிட்டது. துகள் இல்லாமல் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் மயக்கம் வந்துவிடும். ஆகவே நான் இறங்கப்போவதில்லை என்பது எனக்கு முதலிலேயே தெரியும். மூன்று முறை ஒன்பதாவது வரிக்கு வந்தேன். மூன்று முறையும் டிக் போட்டேன்.

முந்தின ஞாயிறும் டின்னை மறந்திருந்தேன். மாப்பிள்ளை அதை விருதுநகரில் ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லிவிட்டார். “எங்க மச்சான் குமிழி விடமாட்டாக. ஏன்னா அவுக தண்ணிக்குள்ள போறதே கெடையாது.” சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். இரண்டாவது வாரமும் மறந்துவிட்டேன் என்று ஒரு காவல்காரர் முன்னால் எப்படிச் சொல்வது? கத்தியைக் கொடுத்தால், நீங்கள் ஏன் இறங்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். கொடுத்திருந்தால் மாப்பிள்ளை இன்றைக்கு உயிரோடு இருப்பார். அடுத்த பந்தியிலும் உட்கார்ந்திருப்பார். அதனால்தான் கொடுக்கவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த நிபுணரிடம் மட்டும் ஒன்று சொல்லிவையுங்கள், ஐயா. மற்ற நாற்பத்தொரு வரியிலும் அவரால் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது.