அம்மன் பாட்டும் காலேஜு வாத்தியாரும்

திருச்சுழி பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் புதுப் புத்தகம் இருந்தது.

“வேதக்காரவுகளுக்கு அம்மன் பாட்டைப் பாடிக் குடுத்துட்டேன்னு ஊரே ஏசுச்சு, மதினி.”

“பாட்டு எழுதிக்கிட்டுப் போன அந்தக் காலேஜு வாத்தியாருக்கா?”

“அவுகளுக்குத்தான். அம்மன் பேரை எடுத்துட்டு ஏசு பேரைப் போட்டுருவாகன்னு எங்க வீட்டுக்காரருக்குப் பயம். ரெண்டு பொங்கலா என்னையக் கோயில்ல பாடவே விடலை.”

“இப்ப என்ன சொல்றாரு?”

“நேத்து அவுக போட்ட இந்தப் புத்தகம் தபால்ல வந்துச்சு. எங்க மக வாசிச்சா. ஒரு வரி மாறலை மதினி. ‘இது பரளச்சி ஊர் மக்களோட நம்பிக்கை, மாத்த எனக்கு உரிமையில்லை’ன்னு மொதப் பக்கத்துலயே எழுதியிருக்காக. அதைக் கேட்டபெறகுதான் எனக்குச் சோறு எறங்குச்சு.”

“வீட்டுக்காரரு?”

“புத்தகத்தை வாங்கிப் பொரட்டிப் பாத்தாரு. பெறகு, ‘இந்தப் பொங்கலுக்குப் பாடு. பாத்துப் பாடு, பாட்டு புத்தகத்துல ஏறிருச்சு, இனிமே தப்பு விட்டா ஊருக்கே தெரிஞ்சுபோகும்’ன்னாரு.”