நூற்றெண்பது கிலோ

படகு வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அகலத்தை. துடுப்புப் போடுகிற இந்தக் கயாக் படகு குறுகலாக இருந்தால் வேகமாகப் போகும், வாஸ்தவம்தான். ஆனால் தூண்டில் போடுகிறவனுக்கு வேகம் எதற்கு? மீன் எங்கேயும் பஸ் பிடிக்கப் போவதில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து மீனைத் தூக்கினால் படகும் கூடவே சாயக்கூடாது, அவ்வளவுதான். இதைத்தான் என் தங்கை கணவனிடமும் சொன்னேன். தப்பான யோசனை எதையும் நான் அவனுக்குச் சொல்லவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

முப்பத்தெட்டு வருடம் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி செய்யும் தொழிற்சாலையில் கசிவு பார்க்கிற வேலை எனக்கு. தொட்டியை நிரப்பிவிட்டு மூட்டு மூட்டாக விரலை வைத்துக்கொண்டே போகவேண்டும். கண்ணுக்குத் தெரியாத கசிவு விரலுக்குத் தெரிந்துவிடும். நாலு மாதத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். அதிலிருந்து தங்கை வீட்டில், ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி. நான் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன், அந்த நாற்காலி வலுவானது. அம்மா அப்பா போனபின் அவளை வளர்த்து ஆளாக்கியவன் நான். அவளைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. எனக்கு முதல் சந்தேகம் அதில்தான் வந்தது.

எட்டு வருடமாக என்னிடம் மணி என்ன என்றுகூடக் கேட்காதவன், ஒரு சாயங்காலம் போனும் கையுமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், ஏரியில மீன் பிடிக்கப் போக ஒரு கயாக் வாங்கலாம்னு இருக்கேன். பிளாஸ்டிக் சமாசாரம் உங்களுக்குத்தானே அத்துப்படி. கவிழவே கூடாது. நீச்சல் தெரியாத ஆள் உட்கார்ந்தாலும் பயமில்லாம இருக்கணும்."

எங்கள் அப்பா எங்களைத் தண்ணீர்ப் பக்கமே விட்டதில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் வராது. தங்கையை எதற்காக நடு ஏரிக்குக் கூட்டிப் போகப் பார்க்கிறான்? சந்தேகத்தைக் காட்டிக்கொள்ளாமல், எவ்வளவு எடை தாங்கவேண்டும் என்று கேட்டேன்.

"நூத்தி எண்பது கிலோ," என்றான், கண்ணை இமைக்காமல்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அவன் எழுபது. மருந்துக்கடையில் நின்று நின்றே துரும்பாகிப்போன என் தங்கை நாற்பத்தெட்டு. தூண்டில், டப்பா, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ. மீதி அறுபது கிலோ எதற்கு? கல்லைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தீர்த்துக்கட்ட நினைக்கிறவன் ஏன் கவிழாத படகைத் தேடுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். அவனும் அதில்தானே திரும்பி வரவேண்டும்?

இருந்தாலும் நல்ல படகாகத்தான் தேர்ந்தெடுத்தேன். காற்றடிக்கிற ரகம் லேசானது, சுருட்டிக்கொள்ளலாம். ஆனால் தூண்டில் கொக்கி ஒருமுறை தவறிப் பட்டால் முடிந்தது கதை. ஒரே துண்டாக வருவது எங்கள் மூன்றாவது மாடிக்கு ஏறாது, லிஃப்டை அவனே டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டான். கடைசியில் மூன்று துண்டாகக் கழற்றுகிற கயாக். இரண்டரை அடிக்கு மேல் அகலம், நடுவில் முதுகு சாய்கிற இருக்கை. முன்துண்டிலும் பின்துண்டிலும் அடிப்பக்கம் ஒரு மூடி. உள்ளே சேர்ந்த தண்ணீரை வடிக்க. மூடிக்குள் ரப்பர் வாஷர்.

அதற்குப்பிறகு இரண்டு பேரும் சமையலறையில் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லண்ணா. நீ போய் உக்காரு, டீ கொண்டு வரேன்."

சிரித்துக்கொண்டே சொன்னாள், பாவம். என்ன சொல்லி அவளை மயக்கி வைத்திருக்கிறானோ என்று எனக்கு மனசு ஆறவில்லை.

படகோடு ஒரு லைஃப் ஜாக்கெட்டும் வந்தது. அவன் வேலைக்குப் போனபின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இருப்பதிலேயே பெரிய சைஸ். என் தங்கை மாதிரி இரண்டு பேர் அதற்குள் நுழையலாம். தண்ணீரில் விழுந்தால் அது மேலே மிதக்கும், அவள் அடியால் உருவிக்கொண்டு கீழே போய்விடுவாள். ஊருக்கு, ஜாக்கெட் போட்டுத்தானே கூட்டிப்போனான் என்று ஆகிவிடும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு வாஷரையும் எடுத்தேன். என் மேஜை டிராயரில், கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கின்றன, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். வாஷர் இல்லாமலும் மூடி இறுகும். தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. குளியலறைத் தொட்டியில் பின்துண்டைத் தண்ணீரில் அழுத்திப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மணிக்கு ஒன்றரை வாளி. சோதிக்காமல் எதையும் வெளியே அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் தனியாகத்தான் கிளம்பினான்.

"இன்னிக்குச் சும்மா ஒத்திகை மச்சான். நல்லா இருந்துச்சுன்னா அடுத்த வாரம் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்றேன்."

ஆக, இன்னும் ஒரு வாரம்தான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. துண்டுகளை லிஃப்டில் ஏற்ற நானும் ஒரு கை பிடித்தேன்.

"மூடி இறுக்கமா இருக்கா, கொஞ்சம் பாத்துடுங்க."

விரல் வைத்துப் பார்த்தேன். "இறுக்கமா இருக்கு மாப்பிள்ளை," என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. வாடகைப் படகில் மீன் பிடிக்கப் போன நாளிலிருந்தே தன்னுடைய பழைய லைஃப் ஜாக்கெட்டை அவன் மடித்து அடியில் போட்டுத்தான் உட்காருவான், காலில் தொடைவரை ரப்பர் பூட்ஸ் வேறு. பூட்ஸில் தண்ணீர் நிறைந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனுக்கும் கஷ்டம்தான். மத்தியானம் உங்கள் ஆட்கள் வந்து கதவைத் தட்டியபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தங்கை போட்ட சத்தத்தில் கோப்பை கையிலிருந்து நழுவிவிட்டது. அவள் அழுவதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவனைக் கொன்றது நான்தான். அதில் உங்களுக்கு எந்தச் சந்தேகமும் வேண்டாம்.

சற்று முன் அவன் கார் டிக்கியில் கிடந்த அந்தப் புது ஜாக்கெட்டை என்னை மாட்டிப் பார்க்கச் சொன்னீர்கள். தைத்து வைத்ததுபோல் இருந்தது. என் எடையைக் கேட்டீர்கள், நூற்றெட்டு என்றேன். ஓய்வு பெற்றபின் அண்ணன் ஜன்னலே கதி என்று கிடக்கிறார், முதுகு வலிக்காமல் ஏரிக்குக் கூட்டிப் போய் வரலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து ரகசியமாக ஏற்பாடு செய்ததாகத் தங்கை சொன்னாள் என்றீர்கள்.

அரை மணி நேரமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எழுபது, நூற்றெட்டு, ஒரு இரண்டு. கணக்கு இப்போதுதான் நேராகிறது. கல்லே இல்லை. அவன் குறி என் தங்கை மேல் இல்லை, என் மேல். நல்லவேளை, முந்திக்கொண்டேன்.

இரண்டு பேரும் சேர்ந்து, ரகசியமாக. அவள் வாயாலேயே வந்திருக்கிறது பாருங்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.