பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

"ஹலோ... ஹலோ, யாரு, ஆலோசகர் ஐயாவா? ... ஆமாண்டா, அக்காதான். ... உன்கிட்ட வேற எப்படிப் பேசுறதாம்? ... என்னது? ... சத்தமாப் பேசு, மிஷின் ஓடுது. சத்தமா!"

ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் சலவைக்கூடம் அது. பெரிய உலர்த்தி சுற்ற ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. தம்பியோடு சண்டை போட அதைவிடத் தோதான இடம் கிடையாது என்று, பெரியவள் அதன் முதுகுக்குப் பின்னால் போய், ஒரு காதில் போனும் மறு காதில் விரலுமாக நின்றாள்.

"நம்ம சின்னவ என் வீட்டுலதான் இருக்கா. ... எப்படி இருப்பா? சுவத்தைப் பாத்துக்கிட்டுக் கிடக்கா. பிள்ளையை மாமியார் பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. பெத்தவ ஒரு பையோட வந்து என் வாசல்ல நிக்கிறா. ... சரி, சரி. உனக்கும் வருத்தம்தான். அந்த வருத்தத்தை ஓரமா வை. அவ உன் ரூம்ல உக்காந்து உன்கிட்ட மட்டும் சொன்னது, எப்படிடா பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போச்சு?"

"... ஜெபக் குறிப்பா? ... ஓஹோ, பேர் சொல்லலையா! அடேயப்பா, என்ன ஒரு பெருந்தன்மை. 'கைக்குழந்தையைப் பத்திக் கெட்ட நினைப்பு வர்ற ஒரு இளம் தாய், நம்ம ஆலோசகரோட சொந்தம்.' இதுக்கு மேல பேர் எதுக்கு? வீட்டுக்கு வழியும் சேத்துச் சொல்லியிருக்கலாமே. அந்தச் சர்ச்சுல கைக்குழந்தையோட உனக்கு இருக்கிற சொந்தம் ஒருத்திதானேடா! மாமியார் ரெண்டாவது வரிசையில கண்ணை மூடி ஆமென் சொல்லியிருக்காங்க. கண்ணைத் திறக்கும்போது விஷயம் விளங்கிடுச்சு."

தம்பிக்குத் தண்ணீர்க் குழாய் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. சபையில் வார இறுதி ஆலோசகர் பயிற்சி ஒன்றை முடித்து, சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டிய நாளிலிருந்து, குழாய்களை விட்டுவிட்டு மனங்களின் கசிவை அடைக்கப் புறப்பட்டிருந்தான்.

"... உலக ஞானமா? மனோதத்துவம் உலக ஞானம், நீ பண்றது பரலோக ஞானம், அப்படித்தானே? டேய், உன் ரூமை நான் பாத்திருக்கேன். நாற்காலி ரெண்டையும் நேருக்கு நேர் போடாம கோணலாப் போட்டிருக்கியே, அது எந்தச் சுவிசேஷத்துல இருக்கு? மேசையில டிஷ்யூ பெட்டி. 'அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?'ன்னு கேட்டுட்டு ஒரு தலையாட்டல். எல்லாம் அந்த மனோதத்துவக்காரங்ககிட்ட காப்பி அடிச்சது. அடிச்சதுதான் அடிச்சே, கேட்டதை வெளிய விடாம வாயை மூடிக்கிற பழக்கத்தையும் சேத்து அடிச்சிருக்கக் கூடாதா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாதும்பாங்க. இங்க ஊர் வாயே நீதானே!"

"... அவ முதல்ல பாத்த மனநல டாக்டருக்கு நான் எங்கேடா வக்காலத்து வாங்கினேன்? அந்த ஆள் இன்னொரு மேதாவி. இவ போய், 'ஜெபம் பண்ணா எனக்கு ஒரு பதில் கேக்குது டாக்டர், மனசு கொஞ்சம் அடங்குது'ன்னு சொல்லியிருக்கா. அவர் பேனாவைத் திறந்துக்கிட்டு, அது ஆம்பளைக் குரலா பொம்பளைக் குரலா, கட்டளை எதுவும் போடுதான்னு கேட்டிருக்காரு. ... சிரிக்காத! நீ சிரிக்கக் கூடாது. மாத்திரையைக் கூட்டி எழுதிட்டாரு. இவ எழுந்து வந்துட்டா. ஆமா, ஆமா, அதுக்கப்புறம்தான் உன்கிட்ட வந்தா. அவர் அவளோட ஆண்டவரை நோயாக்கினாரு, நீ அவளோட நோயைப் பாவமாக்கின. ரெண்டு பேருமாச் சேந்து அவளை ஒண்ணுமில்லாம ஆக்கிட்டீங்க."

உலர்த்திக்குள் ஈர விரிப்புகள் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தன. தகட்டின் சூட்டில் முதுகு வேர்த்தது. அவள் நகரவில்லை.

"... என்ன ஏற்பாடு? ... மாமியார்கிட்ட நீ பேசினியா? ... ம். ... ம். ... ஞாயித்துக்கிழமையா? எங்க நிக்கணும்? ... சபை முன்னாடியா? ... அவ சபை முன்னாடி நின்னு மனந்திரும்பினா பிள்ளையைத் திருப்பிக் குடுப்பாங்களா! இதைச் சொல்ல உனக்கு நாக்கு கூசல? ... வசனம் வேண்டாம். வசனம் வேண்டாம்னு சொல்றேன்ல! நான் சொல்றதைக் கேளு. திங்கட்கிழமை அவ இங்க வேலைக்கு வர்றா. மடிக்கிற பிரிவுல. சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருக்கேன். என் தங்கச்சிங்கிறதைத் தவிர இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. இப்ப அவளுக்கு வேண்டிய மருந்து அதுதான், அவளைப் பத்தி ஒண்ணும் தெரியாத நாலு பேரு. நிமிந்து நடந்து வேலை பாத்து, அப்புறம் போய்ப் பிள்ளையைக் கேப்பா. கேக்கிற விதத்துல கேப்பா."

"... என்னது? ... திரும்பச் சொல்லு. ... மறைச்சு வச்ச பாவமா? எதுடா பாவம்? விடிய விடியக் கத்தின குழந்தையோட மூஞ்சியில தலையணையை வச்சு அழுத்திடலாமான்னு சின்னவளுக்கு ஒரு நினைப்பு வந்துச்சு! நினைச்சா! அழுத்தினாளா? அந்த நினைப்பைப் பாத்து நடுங்கிப் போய், குழந்தையைத் தொட்டில்ல விட்டுட்டு பாத்ரூம்ல போய்ப் பூட்டிக்கிட்டா. பிள்ளையைக் காப்பாத்தத் தன்னையே பூட்டிக்கிட்டவடா என் தங்கச்சி! அவளையா கொலைகாரி மாதிரி மேடையில..."

குரல் தகரக் கூரை வரைக்கும் போயிற்று. தடுக்க எதுவும் இல்லை. உலர்த்தி நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மடிக்கும் மேசையில் பெண்கள் பாதி மடித்த விரிப்பைப் பிடித்தபடி நின்றார்கள். சூப்பர்வைசர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"... இருடா. ... இருன்னு சொன்னேன்ல."

பெரியவள் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணுமில்லக்கா, தம்பிகூட வீட்டுப் பேச்சு. ... யாரு? ... சேச்சே, திங்கட்கிழமை வர்றவ இல்லக்கா. இது வேற ஒருத்தி. ... ஆமா, தங்கச்சின்னுதான் சொன்னேன். ஒண்ணுவிட்ட தங்கச்சி. தூரத்துச் சொந்தம்."

மேசையில் ஒருத்தி பக்கத்தில் நின்றவளின் முழங்கையை இடித்தாள். பிறகு விரிப்புகள் மறுபடி மடியத் தொடங்கின, வழக்கத்தைவிட மெதுவாக.

"டேய்... ... எல்லாரும் கேட்டுட்டாங்கடா. ... ஆமா. ... ஆமா, நான்தான். என் வாயாலதான். ... குத்திக் காட்டாத, அதுக்கு இதுவா நேரம்? ... சாயந்திரம் அவ முகத்துல எப்படி முழிப்பேன்? திங்கட்கிழமை வராதேன்னு எப்படிச் சொல்லுவேன்? ... உன் படிப்புல இதுக்கு ஏதாவது சொல்லிக் குடுத்தாங்களாடா? ... என்ன? ... இப்ப மிஷின் ஓடலடா, மெதுவாப் பேசினாலே கேக்கும். ... சொல்லு. ... ஹலோ? ... டேய்? ... ஹலோ?"