காய்ந்தால் எழுந்துவிடும்

நீச்சல் குளம் வைத்திருப்பவனுக்கு வெயில் காலம் கொண்டாட்டம், அதைச் சுத்தம் செய்கிறவனுக்குத் திண்டாட்டம். இலை, சருகு, தலைமுடி, குழந்தைகள் விட்டுவிட்டுப் போகிற சமாச்சாரங்கள், எல்லாவற்றையும் நீளக் கம்பில் கட்டிய வலையால் அள்ள வேண்டும். அதில் தேனீக்களும் வரும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன் ஐயா, இல்லாவிட்டால் என் மச்சான் விஷயம் உங்களுக்குக் கோணலாகத் தெரியும்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அந்தக் குளத்துக்கு மேனேஜர். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், அதை மூன்று வேளையும் சொல்லிக் காட்டுகிறவரும் அவர்தான். அதற்காகக் கோபம் எல்லாம் கிடையாது. எனக்குக் கோபமே வராது, வீட்டில் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

தேனீ குளத்துக்கு விளையாட வருவதில்லை. வெயில் ஏறினால் கூட்டுக்குள் புழுங்கும், மெழுகு இளகும். சில தேனீக்கள் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய் உள்ளே வைக்கும், மற்றவை நின்று இறக்கையால் விசிறும். அவ்வளவு பொறுப்பான குடும்பம். வருகிறவற்றில் நாலைந்து தவறி விழுந்து, இறக்கை நனைந்து, எழ முடியாமல் கிடக்கும். தேனீ தண்ணீரில் வாழுமா என்றால் வாழாது. ஆனால் விழுந்தவுடனே செத்தும் போகாது. அதற்கு நம்மைப் போல மூக்கு இல்லை. உடம்பின் பக்கவாட்டில் பொடிப்பொடித் துளைகள், அவற்றின் வழியாகத்தான் மூச்சு. அசையாமல் மிதப்பதை எடுத்து ஒரு தாளில் போட்டு வெயிலில் வைத்தால், கொஞ்ச நேரத்தில் ஒரு கால் ஆடும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொள்ளும். பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி பறந்துவிடும். நன்றி எல்லாம் சொல்லாது. நான் எதிர்பார்ப்பதும் இல்லை.

உடை மாற்றும் அறையின் கூரைக்கடியில் அவற்றின் கூடு இருந்தது. குளிக்க வந்த ஒரு அம்மாவுக்கு உதட்டில் கொட்டிவிட்டது. மச்சான் உடனே பூச்சி மருந்து அடிக்கிறவனைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார். கூட்டோடு காலி பண்ணிவிடுவார்கள் என்று தெரிந்ததும் நேரே அவர் அறைக்குப் போனேன்.

"மச்சான், அதுங்க தண்ணி குடிக்கத்தான் வருதுங்க. ஓரமா ஒரு தட்டுல தண்ணி வெச்சுட்டா குளத்துப் பக்கமே வராது."

"மாப்ளே, நீ வலையப் புடி. யோசிக்கிற வேலைய நான் பாத்துக்கறேன்."

குளத்தில் அசையாமல் கிடந்த ஒன்றை எடுத்துவந்து, ஜன்னல் வெயிலில், அவர் மேசை மேலேயே காய வைத்தேன். அவர் கண்ணெதிரே எழுந்து பறந்தது. பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சும்மா நடிக்குது மாப்ளே, உன்ன மாதிரியே. தண்ணில முங்கி அடங்கினது எதுவும் திரும்ப வராது. எங்க, நீ முங்கி எந்திரிச்சுக் காட்டு பாப்போம்."

நான் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் நான் முங்கிவிட்டால் என்னைக் காய வைக்க ஆள் வேண்டுமே. மச்சானுக்கு அந்தப் பொறுமை கிடையாது, துண்டைக்கூடப் பிழியாமல் கொடியில் போடுகிற மனிதர். ஆகவே முங்க வேண்டியவர் அவர், காய வைக்க வேண்டியவன் நான் என்பது தானாகவே முடிவாயிற்று.

மதியம் குளத்தை மூடியிருந்தோம். வெயில் நன்றாக இருந்தது. அடியில் ஏதோ அடைத்திருக்கிறது என்று கூப்பிட்டேன், குனிந்து பார்த்தார். கம்பால் லேசாக ஒரு தள்ளு. மச்சானுக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் குளத்து மேனேஜர், இதை வெளியே சொல்ல முடியுமா, குடும்பத்துக்கு மட்டும் தெரியும். கை காலை நிறைய அடித்தார். தேனீயும் அடிக்கும். மேலே வரும்போதெல்லாம் வலையைத் தலையில் வைத்து அழுத்தினேன். பாதியில் எடுத்தால் நடிப்பு என்று அவரே சொல்லிவிடுவார்.

அடங்கியதும் உடனே கரையேற்றிவிட்டேன், ஒரு நொடி தாமதிக்கவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். தாள் போதாதென்று அங்கிருந்த துண்டுகள் அத்தனையும் விரித்தேன். சட்டையைக் கழற்றி, விலாவில் காற்றுப் படும்படி கைகளை அகட்டி வைத்தேன். உதட்டில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தேன். புரட்டிப் புரட்டிப் போட்டேன். தேனீ சின்னது, சீக்கிரம் காயும். மச்சான் நல்ல உடம்பு, நேரம் எடுக்கத்தானே செய்யும்.

மருந்து அடிக்கிறவன் வந்தான், எங்களைப் பார்த்தான், குடுவையைப் போட்டுவிட்டு ஓடினான். கூடு தப்பித்தது. பின்னாலேயே, சேதி கேட்டு என் மனைவி ஓடி வந்தாள்.

"பாவி, எங்கண்ணன என்னடா பண்ணின?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. "அழாத, காயுது" என்றேன்.

அப்புறம் உங்கள் ஆட்கள் வந்தார்கள். வெயில் இன்னும் பாக்கி இருந்தது, மச்சானுக்கு இடுப்புக்குக் கீழே ஈரமும் பாக்கி இருந்தது. சொல்லச் சொல்லக் கேட்காமல் தூக்கிப்போய்க் குளிர்ப் பெட்டியில் வைத்துவிட்டார்களாம். ஈர உடம்பை ஐயா, குளிர்ப் பெட்டியில். தள்ளியது நான், அழுத்தியது நான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கொலை என்றுதான் எழுதப் போகிறீர்கள் என்றால், அந்தப் பெட்டியின் கதவைச் சாத்தியது யார் என்று விசாரித்து, அவர் பெயரைப் போடுங்கள்.